வந்தியின் பங்கு

எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் வேட்புமனுவோடு படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். மதுரை அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், டி.டி.பி. என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு, நாமினேஷன் வாரம் என்றால் அந்தப் படிவம்தான் சோறு. சொத்துக் கணக்குப் பகுதியில் குறுக்கே வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்: தான், கணவர் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பம், அப்புறம் சார்ந்தோர் ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. காலியாக விட்டு, அதிகாரி எடுத்துச் சொல்லியும் நிரப்பாமல் இருந்தால் மனுவையே தள்ளிவிடலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் சொத்துக்காரருக்கு அடிக்கிற அதே அளவு வேலை, சொத்து இல்லாதவருக்கு அடிப்பதிலும் உண்டு. பக்கம் பக்கமாக ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். அப்படியே காப்பி எடுத்து ஒட்டிவிடலாம் என்று பார்த்தால், நடுவில் எங்கேயாவது ஒரு ஜோடித் தோடு, ஒரு எல்.ஐ.சி. பாலிசி ஒளிந்திருக்கும்.

சார்ந்தோர் என்றால் பெரும்பாலும் பிள்ளைகள்தான். எட்டு வயதுப் பையனுக்குக் கையிருப்பு ரொக்கம் எவ்வளவு, வாகனம் உண்டா, விவசாய நிலம் உண்டா என்றெல்லாம் அரசாங்கம் கேட்கும். கேட்கட்டும். அப்பன் தன் பணத்தைப் பிள்ளை பெயரில் ஒளித்து வைத்துவிடக் கூடாதே. ஆனால் அந்தக் கட்டங்களை நிரப்பும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். தகப்பனோ தாயோ தேர்தலில் நின்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன போகும் என்று கேட்க இதில் ஒரு கட்டமும் இல்லை.

2021 மார்ச்சில் திருப்பரங்குன்றம் தொகுதிக்குச் சுயேச்சையாக நிற்க ஒரு பெண் வந்தாள். வீடு அவனியாபுரம். கப்பலூர் சிட்கோவில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். வீட்டுக்காரர் லாரி டிரைவர், குஜராத் லைனில் இருந்தார். வீடு வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு பக்கத்தில்தான். காற்று திரும்பினால் வீட்டுக்குள் சோறு இறங்காது. சின்னவனுக்கு வீசிங். மனு மேல் மனு கொடுத்துப் பார்த்துவிட்டு, ‘கேட்கிற இடத்துல நின்னு அலுத்துப்போச்சுக்கா, பதில் சொல்ற இடத்துல ஒரு தடவை நின்னு பார்ப்போம்’ என்றாள். பொதுத் தொகுதிக்கு டெபாசிட் 10,000 ரூபாய். சீட்டுப் பணத்தை எடுத்திருந்தாள். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பாகம் எண், வரிசை எண் எல்லாம் ஒரு நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தாள். தைக்கிறவளின் கையெழுத்து, கோடு விலகாது.

கொரோனா சமயம். சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை. அதனால் ஆறாவது படிக்கும் மகளும் ரெண்டாவது படிக்கும் மகனும் அவளோடு கடைக்கு வந்திருந்தார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதில்தான் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, அதே நம்பரைத்தான் வேட்பாளர் நம்பர் என்று நோட்டீஸில் அடித்திருந்தாள். கணக்கு டீச்சர் பின்னம் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் கூப்பிடுவார், வகுப்பு அறுந்துபோகும். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்ப்பாள். சார்ந்தோர் ஒன்று என்ற கட்டத்தில் அவள் பெயரையும், தபால் ஆபீஸில் அவள் பெயரில் இருந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கின் தொகையையும் நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

“அத்தை, இதை எல்லாரும் பார்ப்பாங்களா?”

“பார்க்கலாம். நெட்ல போடுவாங்க.”

“என்னை யாரும் கேக்கலையே.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.

கையெழுத்துப் போட வந்த நோட்டரி வக்கீல் அவள் அம்மாவைப் பார்த்து, ‘பிள்ளைகளை யாரும்மா பார்த்துக்குவா?’ என்று கேட்டார். நல்ல மனுஷர். அக்கறையில்தான் கேட்டார். அன்றைக்குக் காலையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று சார்ந்தோரை நிரப்பிவிட்டுப் போன ஒரு ஆண் வேட்பாளரிடம் அவர் அதைக் கேட்கவில்லை. இந்த அநியாயத்தைச் சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்தான். பலரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் பெண்ணிடம் மட்டும் கேட்கப்படுகிறது என்பதற்காக அந்தக் கேள்வி பொய்யாகிவிடாது. ஊருக்காகத் தெருவில் இறங்குகிறவர் தன் பிள்ளைக்குப் பட்ட கடனை என்ன செய்கிறார்? ஊர்க்கடனைத் தீர்த்தால் வீட்டுக்கடன் அதில் கழிந்துவிடுமா?

நம் பெரியவர்கள் இந்தக் கேள்விக்குச் சொல்லிவைத்த கதைகள் பயங்கரமானவை. சிறுத்தொண்டர் அடியாருக்கு விருந்து வைக்கப் பெற்ற பிள்ளையையே அரிந்தார். மனுநீதிச் சோழன் கன்றுக்குட்டிக்காக மகன்மேல் தேரை ஏற்றினான். பக்ரீத் அன்று என் கடைக்குப் பக்கத்துக் கடை பாய் பிரியாணி கொடுத்தனுப்பும்போது நினைத்துக்கொள்வேன், இப்ராஹீம் நபியும் மகன்மேல் கத்தியை எடுத்தவர்தான். மூன்று கதையிலும் கடைசியில் பிள்ளை பிழைத்துவிடுகிறது. சிறுத்தொண்டரின் சீராளன் ஓடி வருகிறான், சோழனின் மகனும் கன்றும் எழுந்து நிற்கிறார்கள், அங்கே ஆடு வந்துவிடுகிறது. கடன் கொடுத்தவரே ரத்து செய்துவிடுகிறார். பக்திக்கு இது போதும், கண்ணில் நீர் வரும். அறத்துக்குப் போதாது. ஓடி வராத பிள்ளைகளைப் பற்றி அந்தக் கதைகள் பேசவில்லையே.

ஓடி வராதவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். முல்லைக்குத் தேரும், கேட்டவர்க்கெல்லாம் ஊரும் கொடுத்த பாரியின் பறம்பு இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. மேலூர் தாண்டி சிங்கம்புணரி பக்கம் இருக்கும் பிரான்மலைதான் அது என்கிறார்கள். மூவேந்தரும் சேர்ந்து பாரியை முடித்த பிறகு அவனுடைய இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றவர் கபிலர். இருவரும் ஏற்கவில்லை. பாரியிடம் வாங்கினவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்தப் பெண்களோடு நடந்து போனதாக நமக்குத் தெரிவது ஒரு கவிஞர்தான். நாம் பாரியின் கொடையைப் பாடமாக வைத்தோம். வாங்கினவர்களின் கைகளைப் பற்றி எந்தத் தமிழ் வாத்தியாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை.

காந்தியும் அப்படித்தான். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் சட்டையை விட்டு நாலுமுழ வேட்டிக்கு வந்தார். அந்த வீட்டைக் காட்டி மதுரைக்காரர்கள் பெருமைப்படாத நாளில்லை. ஆனால் அவருடைய மூத்த மகன் ஹரிலால், என்னைப் படிக்க அனுப்பாமல் மற்றவர்களை அனுப்பினீர்களே என்று தகப்பன்மேல் வைத்த பிராது கடைசிவரை ஆறவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு வழி காட்டியது புட்டுத் திருவிழாதான். ஆவணி மூலத்தில் சொக்கநாதர் புட்டுத்தோப்புக்குப் போவார். திருப்பரங்குன்றத்து முருகன் வருவார், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார். கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கதை எல்லாருக்கும் தெரியும். மாணிக்கவாசகரைப் பாண்டியன் தண்டிக்கப்போய் வைகையில் வெள்ளம் வந்தது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓராள் வர வேண்டும் என்று உத்தரவு. ஆளாளுக்குக் கரையை அளந்து பங்கு விட்டார்கள். புட்டு விற்கும் கிழவி வந்திக்கு வீட்டில் அனுப்ப ஆள் இல்லை. சிவபெருமான் கூலியாளாக வந்தார். உதிர்ந்த புட்டுதான் கூலி என்று பேச்சு. தின்றார், மண் சுமந்தார், ஆடினார், பாடினார், தூங்கினார். கோபம் வந்து பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அடித்தவன் முதுகிலும் ராணி முதுகிலும் ஊர்க்காரர் முதுகிலும், வயிற்றில் இருந்த சிசுவின் மேலும் விழுந்தது. திருவிளையாடலில் இது அறுபத்தோராவது.

பக்தனுக்காகக் கடவுளே கூலி வேலை செய்தார் என்றுதான் கதாகாலட்சேபத்தில் சொல்வார்கள். எனக்கு வந்தி இருக்கும் இடம் வேறு மாதிரித் தெரிகிறது. அவள் ‘நான் கிழவி, என்னை விட்டுவிடுங்கள்’ என்று விலக்குக் கேட்கவில்லை. ஊர்க்கடன் தனக்கும் உண்டு என்று ஒத்துக்கொண்டாள். ஆள்தான் இல்லை. அன்றைக்கு ஊரே கரையில்தான் இருந்தது, அவளுடைய பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. மற்ற எல்லாரும் அளந்துவிட்ட தங்கள் பங்கை ஒழுங்காக அடைத்துவிட்டுத் திருப்தியாக நின்றார்கள். வெள்ளத்துக்கு யார் பங்கு எது என்று தெரியுமா? திறந்திருக்கிற இடத்தில்தான் அது நுழையும். வேலையை முடித்தவன் முதுகில் ஏன் அடி விழுந்தது என்று சின்ன வயசில் எனக்குப் புரியவே இல்லை. இப்போது தோன்றுகிறது, பக்கத்துப் பங்கில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டே தன் பங்கோடு நிறுத்திக்கொண்டதற்குத்தான் அந்த அடி. சிசுவுக்கு ஏன் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பெரியவர்கள் விட்ட பங்கின் அடி பிள்ளைகள் மேலும் விழத்தான் செய்கிறது என்பதைத் தவிர.

ஊர் வேலைக்கு வருகிற வேட்பாளர் கரையில் நிற்கிறார். அவர் வீட்டில் ஒரு பங்கு திறந்து கிடக்கிறது. அதை அடைக்க வேண்டியது யார்? நோட்டரி கேட்ட கேள்வி சரியானது, கேட்கப்பட்ட ஆள்தான் மாறிவிட்டது. ‘உன் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்’ என்று அவளிடம் கேட்பதைவிட, ‘இவள் பிள்ளையை நாம் என்ன செய்யப்போகிறோம்’ என்று அவளைக் கரைக்கு அழைத்த ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைப் பேசும்போது வில்லாபுரத்தைப் பேசாமல் இருக்க முடியாது. லீலாவதி கைத்தறி நெசவாளி. மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தாய். 1996-ல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மாநகராட்சி கவுன்சிலர் ஆனார். சட்டசபைப் பதவி இல்லை, வார்டுதான். வில்லாபுரத்தில் அப்போது தண்ணீர் விலைக்கு விற்றது. வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்று நின்றார், தண்ணீரை விற்று வாழ்ந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் தெருவில் வைத்து வெட்டிக் கொன்றார்கள்.

நான் அப்போது டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பெண்கள் அழுதார்கள். அழுதுகொண்டே, ‘மூணு பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டு அந்த மகராசிக்கு எதுக்கு இந்த வேலை’ என்றார்கள். என் அம்மாவும் சொன்னாள். குடம் தூக்கித் தூக்கி இடுப்பு செத்துப்போன என் அம்மா. தண்ணீர் யாருக்காக என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அந்தக் குழாயில் வரும் தண்ணீரை லீலாவதியின் பிள்ளைகளும் குடித்திருப்பார்கள், கொன்றவர்களின் தெருப் பிள்ளைகளும் குடித்திருப்பார்கள். ஊர் வேலை வேறு, பிள்ளை வளர்ப்பு வேறு என்று பிரிக்கிற கோடு தண்ணீர் விஷயத்தில் எங்கே போடுவது? குப்பைப் புகை விஷயத்தில் எங்கே போடுவது? அவனியாபுரத்துக்காரி மகனுடைய மூச்சுக்காகத்தான் தொகுதிக்கு நின்றாள்.

இதுவரை சரி. ஆனால் இதோடு கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை. ஒரு வார்டே தண்ணீர் குடித்தாலும் மூன்று பெண்களுக்கு அம்மா இல்லாமல் போனது இல்லாமல் போனதுதான். ஒன்றின் மிச்சத்தை எடுத்து மற்றதன் பற்றில் வரவு வைக்க முடியாது. பிள்ளைக்குப் பட்ட கடன் பிள்ளையிடம் மட்டும்தான் தீரும். அதை மன்னிக்கிற உரிமையும் அந்தப் பிள்ளைக்குத்தான். ஊர் கூடி நின்று தியாகம் என்று கோஷம் போட்டு அதை ரத்து செய்ய முடியாது.

தியாகம், எளிமை என்ற பாராட்டுகளைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. தும்பைப்பட்டிக் கக்கன் இந்த மாநிலத்துக்கு உள்துறை மந்திரியாக இருந்தவர். கடைசிக் காலத்தில் எங்கள் பெரியாஸ்பத்திரி பொது வார்டில் படுத்திருந்தார். எம்.ஜி.ஆர். வேறொருவரைப் பார்க்க வந்த இடத்தில்தான் அவர் இருப்பதே தெரிந்தது என்பார்கள். மதுரை கிழக்கில் 2001-லும் 2006-லும் ஜெயித்த நன்மாறன், பதவியெல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து வாடகை கட்ட முடியாமல் அரசு வீடு கேட்டு கலெக்டரிடம் மனு கொடுத்தார். (என் கடையில் அடித்த மனு இல்லை. அடித்திருந்தால் காசு வாங்கியிருக்க மாட்டேன் என்று இப்போது சொல்வது சுலபம்.) 2021 அக்டோபரில் அவர் இறந்தபோது வாட்ஸப் முழுக்க அவர் படம்தான். இருவரையும் நானும் கும்பிடுகிறேன். ஆனால் நாம் இவர்களை இவ்வளவு பாடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பாடிவிட்டால் பில் கட்ட வேண்டாம். நேர்மையாக இருந்தவர் வீட்டில் கஷ்டம் இருந்தது என்பதை அவருடைய பெருமைக்குச் சாட்சியாக எழுதிக்கொள்கிறோம். நமக்கு எதிரான சாட்சியாக அதை யாரும் எழுதுவதில்லை. அடுத்த தேர்தலில், வீட்டில் ஆள் அம்பு உள்ளவரும், பிள்ளையைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கக்கூடியவரும்தான் கரைக்கு வருவார்கள். அதே 2021-ல் மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதியிலும் ஜெயித்தது ஆண்கள். 234 பேர் சபையில் பெண்கள் 12 பேர். 1967-ல் நாடக மேடையிலிருந்து வந்த ஜானகி அம்மாளை மதுரை கிழக்கு சட்டசபைக்கு அனுப்பியது. அதைவிட முன்னால் போயிருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எங்கள் வேட்பாளருக்கு டெபாசிட் போனது. ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். அவளுக்கு அதில் வருத்தம் அதிகமில்லை. பிரச்சாரம் நடந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டது மாமியார். அவரைப் பிரமாணப் பத்திரத்தில் சார்ந்தோராகப் போடுவதா என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாய் வாங்குகிறார், பூக்கட்டியும் சம்பாதிக்கிறார், அதனால் வேண்டாம் என்றார் வக்கீல். மாமியார் வாசலிலிருந்தே, ‘நான் எவளையும் சார்ந்து இல்ல சாமி, இவதான் என்னைய நம்பி கிளம்பிட்டா’ என்றார். அவருக்கும் முடியாத நாட்களில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். தன் போனிலேயே ஆறாம் வகுப்புக்காரிக்கு ஆன்லைன் வகுப்பையும் போட்டுக்கொடுத்தாள். அவளுக்குத் தினம் 200 ரூபாய் பேசியிருந்தார்கள். உதிர்ந்த புட்டை வாங்கிக்கொண்டு வந்தியின் பங்குக்கு வந்தவர் யார் என்று கேட்டால் நான் அந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன்.

தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதையும் நான்தான் அடித்தேன். நோட்டீஸ், ஆட்டோ, மைக் செட் எல்லாவற்றுக்கும் தனித்தனி இனம் உண்டு. டீ எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, பிளாஸ்டிக் நாற்காலி வாடகை எவ்வளவு, சால்வை எவ்வளவு என்று மாவட்டத்தில் விலைப்பட்டியலே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த 200 ரூபாயை எந்த இனத்தில் எழுதுவது என்று கேட்டாள். எதிலும் இடமில்லை. அது வீட்டுச் செலவு, தேர்தல் செலவு இல்லை என்றார்கள். ஊர்வலத்தில் போடும் சால்வை தேர்தல் செலவு. அந்த ஊர்வலத்துக்கு அவள் வருவதற்காக ஒருத்தி பிள்ளையைப் பிடித்துக்கொண்டது வீட்டுச் செலவு! அமெரிக்காவில் 2018-ல் நியூயார்க் பக்கம் லியூபா ஷெர்லி என்றொரு தாய் அங்கத்திய நாடாளுமன்றத்துக்கு நின்றபோது, பிள்ளை பார்க்கும் கூலியைப் பிரச்சார நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று அவர்களுடைய தேர்தல் ஆணையத்திடம் எழுதிக் கேட்டார். கொடுக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு கடிதம் எழுதி, ஒரு பதில் வாங்கியதில் முடிந்த வேலை.

இங்கே ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் விலைப்பட்டியல் போடக் கட்சிக்காரர்களை அழைத்துக் கூட்டம் நடத்துவார்கள். பிரியாணிக்கு ரேட் ஜாஸ்தி, குறையுங்கள் என்று வாதாடுவார்கள். அந்தப் பட்டியலில் பிள்ளை பார்க்கும் கூலிக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி நான் ஒரு மனு அடித்து வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை, வேட்பாளராக நிற்கப்போகிற எவராவது போட வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற ஆண் வேட்பாளர் போட்டாலும் செல்லும்.